பால் போதவில்லை: என் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படுமா?

நிறைமாதத்தில் பிறந்த நான்கு மாதக் குழந்தை. சிசேரியன், அதையொட்டி ஆன்டிபயாடிக், பால் போதாமல் இரண்டாவது வாரத்திலேயே பவுடர் பால். இப்போது நாளுக்கு இரண்டு மூன்று தடவைதான் தாய்ப்பால். இந்த நிலையில், தாய்ப்பாலைத் தின்று வளரும் குடல் பாக்டீரியாதான் குழந்தையின் மூளையை வளர்க்கிறது என்று எங்கோ படித்துவிட்டு, நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் சொட்டு வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி சொட்டைப் பற்றியதாக இருந்தாலும், அதற்குள் இருக்கும் கேள்வி வேறு என்று படுகிறது: என்னால் என் பிள்ளையின் அறிவு குறைந்துவிட்டதா? அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். குழந்தை நன்றாக எடை ஏறுகிறது, முகம் பார்த்துச் சிரிக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட குழந்தைக்குப் பவுடர் பால் கொடுத்ததால் அறிவு குறைந்துவிட்டது என்று சொல்ல ஆதாரம் இல்லை.

நான் பச்சிளங்குழந்தை மருத்துவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வேலை. குடல் நுண்ணுயிர்கள் என் ஆய்வுத்துறை அல்ல. அந்த ஆய்வுகளை ஊன்றிப் படிக்கிறேன், என் வார்டில் எது உதவும் என்று பார்க்கிறேன், அவ்வளவுதான். அந்த எல்லைக்குள் நின்று எழுதுகிறேன். தாய்ப்பாலை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வயிற்றுப்போக்கு, நிமோனியா, காதுத் தொற்று ஆகியவற்றைத் தாய்ப்பால் குறைக்கிறது. தாய்க்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பையும் குறைக்கிறது. குறைமாதக் குழந்தைகளின் குடல் அழுகிப்போகும் ஒரு கொடிய நோயை அது தடுப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இவற்றில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

நீங்கள் படித்தது மூன்று செய்திகளை ஒரே சங்கிலியாகக் கோத்திருக்கிறது. தாய்ப்பால் குடல் பாக்டீரியாவை மாற்றுகிறது, குடல் பாக்டீரியா மூளையை மாற்றுகிறது, ஆகவே தாய்ப்பால் குடித்த பிள்ளை அறிவாளி. இந்த மூன்று கண்ணிகளும் ஒரே பலம் கொண்டவை அல்ல.

முதல் கண்ணி உறுதியானது. தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்து அதிகமாக இருக்கும் திடப்பொருள் ஒலிகோசாக்கரைடு என்னும் சிறு சர்க்கரைச் சங்கிலிகள். லிட்டருக்குச் சுமார் 5 முதல் 15 கிராம் வரை. சீம்பாலில் இன்னும் அதிகம். 150க்கும் மேற்பட்ட வகைகள் கண்டறியப்பட்டிருக்கின்றன. இதில் வியப்பு என்னவென்றால், குழந்தையால் இவற்றைச் செரிக்க முடியாது. தாயின் உடல் இவ்வளவு பாடுபட்டுச் செய்யும் ஒரு பொருள் குழந்தைக்கு உணவாகவே இல்லை. பெருங்குடல் வரை அப்படியே போய்ச் சேர்ந்து அங்கே பாக்டீரியாவுக்கு உணவாகிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் பிஃபிடோபாக்டீரியா என்னும் இனத்தைப் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஹென்றி திசியே 1899ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே கண்டுவிட்டார். ஏன் அது அங்கே செழிக்கிறது என்பது முழுதாகப் புரிய நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இன்ஃபான்டிஸ் என்ற அதன் ஒரு வகையின் மரபணு வரிசை 2008இல் வெளியானபோது, இந்தச் சர்க்கரைகளை முழுசாக உள்ளே இழுத்து உடைப்பதற்கென்றே அதனிடம் ஒரு தனி மரபணுத் தொகுப்பு இருப்பது தெரிந்தது. உடைத்த பின் அது வெளிவிடும் அசிட்டிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் குடலைப் புளிப்பாக்கி, நோய்க்கிருமிகள் பெருகாமல் பார்த்துக்கொள்கின்றன.

பாலோடு பாக்டீரியாவும் நேராகவே வருகிறது. 107 தாய் சேய் இணைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, பெரும்பாலும் தாய்ப்பாலே குடிக்கும் குழந்தைகளின் குடல் பாக்டீரியாவில் முதல் மாதத்தில் கால் பங்குக்குச் சற்று மேல் பாலிலிருந்தும், பத்தில் ஒரு பங்கு மார்புக்காம்பைச் சுற்றிய தோலிலிருந்தும் வந்ததாகக் கணக்கிட்டது. சிசேரியனும் ஆன்டிபயாடிக்கும் இந்தக் குடியேற்றத்தைக் கலைக்கின்றன என்பதும் உண்மைதான். பிரிட்டனில் 596 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளிவந்த ஆய்வில், சிசேரியன் குழந்தைகளிடம் பேக்டீராய்டீஸ் என்னும் இனம் மிகக் குறைவாக இருந்தது. மற்ற வேறுபாடுகள் மாதங்கள் போகப் போக மங்கின. எல்லாக் குழந்தைகளுக்குமே இரண்டு மூன்று வயதுக்குள் குடல் பெரியவர்களுடையதைப் போல ஆகிவிடுகிறது.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாளுக்கு இரண்டு தடவை கொடுப்பதால் என்ன பயன் என்று கேட்டிருந்தீர்கள். அந்த இரண்டு தடவையிலும் மேலே சொன்ன சர்க்கரைகள், நோய் எதிர்ப்புப் புரதங்கள், உங்கள் பாக்டீரியா எல்லாமே போகின்றன. பால் அளவு குறைந்தால் பயன் குறையலாம்; அறவே இல்லாமல் போய்விடாது. முடிகிற வரை கொடுங்கள்.

இரண்டாவது கண்ணிக்கு வருவோம். குடல் பாக்டீரியா மூளையை மாற்றுமா? எலிகளில் மாற்றுகிறது, இதில் அதிகக் கருத்து வேறுபாடு இல்லை. கிருமியே இல்லாத சூழலில் பிறந்து வளர்க்கப்படும் எலிகள் உண்டு. ஜப்பானில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், அப்படிப்பட்ட எலிகள் சிறு நெருக்கடிக்கும் அளவுக்கு மீறி மன அழுத்த ஹார்மோனைச் சுரந்தன. இன்ஃபான்டிஸ் பாக்டீரியாவை மட்டும் குடலில் குடியேற்றியதும் அது சரியானது. பிற்பாடு வந்த ஆய்வுகளில் மூளையின் நோய் எதிர்ப்புச் செல்கள், நரம்பின் மேலுறை, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு ஆகிய எல்லாமே கிருமியற்ற எலிகளில் வேறாக இருந்தன. குடலிலிருந்து மூளைக்குப் போகும் வேகஸ் நரம்பு ஒரு வழி. பாக்டீரியா செய்யும் அமிலங்கள் ரத்தத்தில் கலப்பது இன்னொரு வழி.

ஆனால் எந்த மனிதக் குழந்தையும் கிருமியே இல்லாமல் வளர்வதில்லை. ஃபார்முலா என்னும் பவுடர் பால் குடிக்கும் குழந்தையின் குடலிலும் கோடானுகோடி பாக்டீரியா இருக்கின்றன, கலவைதான் வேறு. அறவே இல்லாததையும் இருப்பதையும் ஒப்பிட்ட சோதனையை வைத்து, இந்தக் கலவை நல்லது, அந்தக் கலவை கெட்டது என்று முடிவு கட்ட முடியாது. எலியில் கண்டது மனிதரில் பலிக்காமல் போனதற்கு இதே துறையில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஒரு லாக்டோபேசில்லஸ் வகை, எலிகளின் பதற்றத்தைக் குறைத்ததாக 2011இல் பெரிதாகப் பேசப்பட்டது. வேகஸ் நரம்பை வெட்டிவிட்டால் அந்த விளைவு மறைந்தது என்பதால் எல்லோருக்கும் நம்பிக்கை கூடியது. ஆறு ஆண்டுகள் கழித்து, நலமாக இருந்த 29 ஆண்களுக்கு அதே பாக்டீரியாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். மன அழுத்தத்திலோ நினைவாற்றலிலோ வெற்று மாத்திரையைவிட எந்த மேன்மையும் இல்லை.

மனிதக் குழந்தைகளில் என்ன பார்த்திருக்கிறார்கள்? அமெரிக்காவில் 89 குழந்தைகளின் குடல் பாக்டீரியாவை ஒரு வயதில் எடுத்து, இரண்டு வயதில் அறிவு வளர்ச்சியைச் சோதித்த ஆய்வு 2018இல் வந்தது. அதிக மதிப்பெண் பெற்ற குழுவில் மிகுந்திருந்தது பிஃபிடோபாக்டீரியா இல்லை, பேக்டீராய்டீஸ். குடலில் பலவகை பாக்டீரியா இருப்பதே நல்லது என்று நாம் கேட்டுப் பழகியிருக்கிறோமே, அதற்கும் நேர்மாறாக, வகைகள் அதிகமிருந்த குழந்தைகள் சற்றுக் குறைவாகவே மதிப்பெண் பெற்றார்கள். கனடாவில் சுமார் 400 குழந்தைகளைப் பார்த்த இன்னொரு ஆய்விலும் பேக்டீராய்டீஸ் மேலோங்கியவர்களே முன்னால் நின்றார்கள், அதுவும் ஆண் குழந்தைகளில் மட்டும். இவை நல்ல ஆய்வுகள்தான். ஆனால் ‘தாய்ப்பால் பிஃபிடோவை வளர்க்கும், பிஃபிடோ மூளையை வளர்க்கும்’ என்ற நேர்கோட்டில் இவை வரவில்லை. எந்தப் பாக்டீரியா, எந்த வயதில், எவ்வளவு என்பதிலேயே இன்னும் ஒரு கருத்து உருவாகாதபோது, அதைச் சொட்டாக அடைத்துக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

பேக்டீராய்டீஸ் என்றதும் மேலே சிசேரியனைப் பற்றிச் சொன்னது உங்களுக்கு நினைவு வரும். அந்தப் பயத்தை இங்கேயே கழற்றிவிடுகிறேன். சிசேரியனில் பிறந்தவர்களுக்கு ஆட்டிசம் சற்று அதிகம் என்று பல கணக்குகள் காட்டின. ஸ்வீடனில் 26 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை வைத்து, ஒரே தாய்க்கு ஒன்று சிசேரியனிலும் இன்னொன்று சுகப்பிரசவத்திலும் பிறந்த உடன்பிறப்புகளை ஒப்பிட்டபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. அதாவது அறுவைக்குப் பின்னால் இருந்த குடும்பச் சூழலும் மரபும்தான் கணக்கில் அப்படித் தெரிந்திருக்கின்றன.

இதே உடன்பிறப்பு ஒப்பீடுதான் மூன்றாவது கண்ணியையும் இளக்குகிறது. தாய்ப்பால் குடித்த பிள்ளைகள் அறிவுச் சோதனைகளில் சற்று அதிக மதிப்பெண் பெறுகிறார்கள் என்பது உலகெங்கும் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் சராசரி வித்தியாசம் மூன்றரை ஐக்யூ புள்ளிகள்போல வரும். தாயின் ஐக்யூவையும் கணக்கில் எடுத்தவற்றில் இரண்டரை ஆகக் குறையும். ஆனால் பல நாடுகளில் நீண்ட நாள் பாலூட்டுகிறவர்கள் கூடுதலாகப் படித்தவர்கள், கூடுதல் விடுப்பு கிடைப்பவர்கள். பிள்ளையின் மதிப்பெண்ணைக் கூட்டியது பாலா, வீடா? 2006இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவின் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை எடுத்து, தாயின் ஐக்யூவைக் கணக்கில் சேர்த்ததுமே வித்தியாசத்தின் பெரும்பகுதி கரைந்துவிடுவதைக் காட்டியது. ஒரே வீட்டில் ஒருவர் தாய்ப்பாலிலும் மற்றவர் புட்டிப்பாலிலும் வளர்ந்த பிள்ளைகளிடையே குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை.

எதிர்ப்பக்கமும் சொல்லத்தான் வேண்டும். பிரேசிலின் பெலோட்டாஸ் நகரில் 1982இல் பிறந்தவர்களை முப்பது வயதுவரை தொடர்ந்திருக்கிறார்கள். அந்த ஊரில் அப்போது வசதியானவர்களும் ஏழைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பாலூட்டினார்கள். அங்கேயும் ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் தாய்ப்பால் குடித்தவர்கள், ஒரு மாதத்துக்கும் குறைவாகக் குடித்தவர்களைவிட சுமார் 3.8 ஐக்யூ புள்ளிகள் அதிகம் பெற்றிருந்தார்கள். இதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

எல்லாவற்றிலும் நான் அதிகம் மதிப்பது பெலாரஸ் நாட்டில் நடந்த ஆய்வு. எந்தத் தாயையும் பால் கொடுக்காதே என்று சொல்லிச் சோதிக்க முடியாது. அதனால் அதை நடத்திய ஆய்வாளர் மைக்கேல் கிராமர் குழுவினர் வேறு வழி எடுத்தார்கள். 1996-97இல் 31 மகப்பேறு மருத்துவமனைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் பாலூட்டலுக்குச் சிறப்பு உதவியும் பயிற்சியும் கொடுத்தார்கள். மொத்தம் 17,046 தாய் சேய் இணைகள். மூன்று மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகள் ஒரு பக்கம் 43 சதவீதம், மறுபக்கம் 6 சதவீதம். ஆறரை வயதில் சோதித்தபோது உதவி பெற்ற பக்கத்தில் மொழித்திறன் ஐக்யூ 7.5 புள்ளிகள் அதிகம். இந்த எண்தான் எங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது, நீங்கள் படித்ததிலும் இருந்தது. சோதித்த மருத்துவர்களுக்கு எந்தக் குழந்தை எந்தப் பக்கம் என்று தெரியும் என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அதே பிள்ளைகள் பதினாறு வயதானபோது கணினியில் சோதனை எழுதினார்கள். மொழித்திறனில் ஒன்றரைப் புள்ளிக்கும் குறைவான வித்தியாசம் மிஞ்சியிருந்தது. மற்றவற்றில் ஏறக்குறைய எதுவும் இல்லை. இந்த ஆய்வுக்கும் எல்லை உண்டு. அதில் சேர்ந்த எல்லாத் தாய்மாரும் பாலூட்டத் தொடங்கியவர்களே. ஆகவே நீண்ட நாள் பாலூட்டலையும் குறுகிய நாள் பாலூட்டலையும்தான் அது ஒப்பிடுகிறது, தாய்ப்பாலே குடிக்காத குழந்தையைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

என் கணிப்பு இது: பாலுக்கு ஒரு சிறு பங்கு உண்மையிலேயே இருக்கலாம், இரண்டு மூன்று புள்ளிகள். ஒரே பிள்ளையை வேறு வேறு நாளில் சோதித்தாலே அந்த அளவு ஏறி இறங்கும். லட்சக்கணக்கான குழந்தைகளுக்காகக் கொள்கை வகுக்கும்போது அது பொருட்படுத்த வேண்டிய எண். தனி ஒரு குழந்தையின் எதிர்காலத்தை அதில் படிக்க முடியாது.

அப்புறம், அந்தச் சிறு பங்கும் பாக்டீரியா வழியாகத்தான் வருகிறது என்று யாரும் நிறுவவில்லை. பாலில் மூளைக்கு நேரடியாக வேலைக்கு வரக்கூடியவை நிறைய இருக்கின்றன. மையோ இனோசிட்டால் என்ற சிறு மூலக்கூறு பாலூட்டலின் முதல் மாதங்களில் பாலில் மிகுந்திருந்து பிறகு குறைவதையும், ஆய்வகத்தில் வளர்த்த நரம்புச் செல்களில் இணைப்புகளைக் கூட்டுவதையும் 2023இல் காட்டினார்கள். அது பல ஃபார்முலாக்களில் ஏற்கெனவே சேர்க்கப்படுகிறது. ஒலிகோசாக்கரைடுகளில் பெயர்பெற்ற 2-ஃபியூக்கோசில்லாக்டோஸை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாதத்துப் பாலில் அது அதிகமிருந்த குழந்தைகள் இரண்டு வயதில் சற்று நல்ல மதிப்பெண் பெற்றதாக 50 இணைகளைக் கொண்ட ஒரு சிறிய ஆய்வு சொல்கிறது. ஆனால் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரின் பாலில், மரபணு காரணமாக, அது அநேகமாக இருப்பதே இல்லை. அவர்களுடைய பிள்ளைகளும் நன்றாகத்தான் வளர்கிறார்கள்.

சரி, சொட்டு மருந்து. உங்கள் குழந்தைக்கு அறிவு வளர்ச்சிக்காக நான் எழுதித் தர மாட்டேன். புரோபயாடிக் மிக அதிகமாகச் சோதிக்கப்பட்டது மிகக் குறைமாதக் குழந்தைகளில். குடல் நோயைக் குறைக்க அது உதவுவதாகத் தெரிகிறது, பிற்கால அறிவு வளர்ச்சியில் குறிப்பிட்ட மாற்றம் காணப்படவில்லை. அந்தக் குழந்தைகளில் ஆபத்தும் உண்டு: மிகக் குறைந்த எடைக் குழந்தை ஒன்று, கொடுக்கப்பட்ட பாக்டீரியாவே ரத்தத்தில் கலந்து இறந்ததையடுத்து, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் எச்சரிக்கை விடுத்தது. நிறைமாதக் குழந்தைக்கு இந்த அபாயம் மிக மிகக் குறைவு. ஆனால் இதற்கென்று வாங்கக் காரணமும் இல்லை.

முன்பெல்லாம் ‘தாய்ப்பால் கொடுத்தால் பிள்ளை அறிவாளி ஆகும்’ என்று நானும் வார்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். பால் வராத ஒரு தாய், ஒவ்வொரு சொட்டாகப் பிழிந்து 10 மில்லி சேர்த்துக் கொண்டுவந்து, ‘இது போதுமா டாக்டர், இவன் படிப்பானா?’ என்று கேட்ட நாளோடு அந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன். அவர் கையில் இருந்த 10 மில்லி அந்தக் குழந்தையின் குடலைக் காக்கும் மருந்து. அதை அப்படியே சொல்லியிருந்தால் போதும்.

மூளைக்கு உறுதியாகத் தேவையானவை எவை என்பதில் மருத்துவத்துக்குத் தெளிவு உண்டு. உங்கள் கவலையை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள். முதலாவது இரும்புச்சத்து. நிறைமாதக் குழந்தை தாயிடமிருந்து கொண்டுவரும் இருப்பு நான்கிலிருந்து ஆறு மாதம்வரை தாங்கும். தாய்ப்பாலில் இரும்பு லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூட இல்லை. கைக்குழந்தைப் பருவத்தில் நாள்பட்ட இரும்புக் குறைபாடு இருந்த பிள்ளைகள் கோஸ்டா ரிகாவில் பத்தொன்பது வயதுவரை பின்தொடரப்பட்டார்கள். குறைபாட்டைச் சரிசெய்த பிறகும் அறிவுச் சோதனைகளில் பின்தங்கியே இருந்தார்கள். பால் வகையைவிட இது மூளைக்குப் பல மடங்கு கனமான விஷயம். உங்கள் ஃபார்முலா இரும்பு சேர்க்கப்பட்டதா என்று டப்பாவில் பாருங்கள். டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் விடாதீர்கள். ஆறு மாதம் ஆனதும் இரும்புச்சத்துள்ள திட உணவு தொடங்க வேண்டும். ஒரு வயதுவரை மாட்டுப்பாலை முக்கிய உணவாக்க வேண்டாம். குழந்தைக்குச் செவித்திறன் சோதனையும் தைராய்டு சோதனையும் ஆகிவிட்டனவா என்று பிறந்தபோது கொடுத்த தாள்களில் தேடுங்கள். இல்லையென்றால் இந்த வாரமே கேளுங்கள். இரண்டிலும் நாள் தள்ளிப்போவது உண்மையாகவே சேதம் செய்யும். பிறந்தபோது பெரியவர்களுடையதில் மூன்றில் ஒரு பங்கு போல இருக்கும் மூளை, ஒரு வயதுக்குள் இரண்டு மடங்காகிவிடும். அந்த வேகத்தில் அதற்கு வேண்டியதில் பெரும்பகுதி உங்கள் முகமும் குரலும். புட்டிப்பால் கொடுக்கும்போதும் மடியில் வைத்து, கண்ணைப் பார்த்து, அது எழுப்பும் ஒலிக்குப் பதில் ஒலி கொடுத்துப் பேசுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் கேள்வியின் இறுதியில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள்: குழந்தை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வருவதில்லை, எதைப் பார்த்தாலும் அழுகை வருகிறது, பால் விஷயத்தில் தோற்றுவிட்டதாகத் தோன்றுகிறது என்று. நேரில் பார்க்காமல் நான் நோய்ப்பெயர் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியதிலேயே என்னை அதிகம் நிறுத்தியது அந்த வரிதான். பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு பத்துப் பெண்களில் ஒருவருக்காவது வருகிறது. கவனிக்காமல் விட்டால் அது தாயையும் குழந்தையின் வளர்ச்சியையும் பாதிக்கும், கவனித்தால் நன்றாகக் குணமாகும். பாலூட்டிக்கொண்டே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் இருக்கின்றன, மருந்தில்லாத சிகிச்சையும் இருக்கிறது. அடுத்த தடுப்பூசி நாள்வரை காத்திருக்க வேண்டாம் அம்மா. நாளைக்கே உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் போய், எனக்கு எழுதிய அந்த மூன்றையும் அப்படியே சொல்லுங்கள். குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவோமோ, நாம் இல்லாமல் போனால் நல்லதோ என்ற எண்ணம் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தாலும், இன்றைக்கே, வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லிவிட்டுக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.